ஒரே வாசல், வேறு வேறு வகுப்பறை: ஷேக்கர் ஹைட்ஸ் பள்ளி மாவட்டத்தின் கதை

கேள்வி இதுதான்: "ஓஹையோவில் கிளீவ்லாண்ட் பக்கம் வீடு பார்க்கிறோம். அடுத்தடுத்த தெருக்களில் ஒரே அளவில் இரண்டு வீடுகள். விலையில் மட்டும் பெரிய வித்தியாசம். கேட்டால், 'ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் வேறு' என்கிறார் தரகர். இரண்டுமே அரசுப் பள்ளிதானே? இந்த டிஸ்ட்ரிக்ட் என்ற ஏற்பாடு எங்கிருந்து வந்தது?"

பொதுவாகப் பதில் சொன்னால் கொட்டாவி வந்துவிடும். நீங்கள் வீடு பார்க்கும் பக்கத்திலேயே, கிளீவ்லாண்டின் கிழக்கு எல்லையை ஒட்டி ஷேக்கர் ஹைட்ஸ் இருக்கிறது. சுமார் 30,000 பேர் வாழும் புறநகர். அமெரிக்கப் பள்ளி மாவட்டங்களின் பெருமை, பித்தலாட்டம் இரண்டும் அந்த ஒரே ஊரின் வரலாற்றில் அடங்கிவிடும். அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். நம் ஊரிலும் 'கல்வி மாவட்டம்' உண்டு. அது நிர்வாக வசதிக்காகப் போட்ட கோடு. அந்தக் கோடு எங்கே போனாலும் ஆசிரியரின் சம்பளம் மாநில அரசின் கஜானாவிலிருந்துதான் வரும். அமெரிக்காவில் பள்ளி மாவட்டம் என்பது பெரும்பாலான இடங்களில் ஒரு தனிக் குட்டி அரசாங்கம். அதற்குத் தனி எல்லை, தனித் தேர்தல், தனி வரி. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பள்ளி வாரியம் ஒரு கண்காணிப்பாளரை நியமிக்கும். ஓஹையோவில் நகர மேயருக்கும் அந்த வாரியத்துக்கும் பொதுவாகச் சம்பந்தமே கிடையாது. செலவில் ஒரு பெரிய பங்கு, அந்த எல்லைக்குள் இருக்கும் வீடுகளும் கடைகளும் கட்டும் சொத்து வரியிலிருந்து வருகிறது. 1940 வாக்கில் நாடு முழுவதும் இப்படி 1 லட்சத்து 17 ஆயிரம் மாவட்டங்கள் இருந்தன. ஒற்றை அறைக் கிராமப் பள்ளிகளை இணைத்து இணைத்து இப்போது அது 13,000 அளவுக்கு இறங்கியிருக்கிறது. ஆக, உங்கள் தரகர் சொன்னது சரி. பள்ளி அரசுடையதுதான். ஆனால் அது எந்த அரசு என்பதில்தான் வித்தியாசம்.

இனி ஷேக்கர் ஹைட்ஸ். 1822-இல் இங்கே குடியேறியவர்கள் ஷேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர். ஆணும் பெண்ணும் பிரம்மச்சரியம் காக்க வேண்டும் என்பது அவர்கள் விதி. பிள்ளை பெறாத கூட்டம் எத்தனை தலைமுறை தாங்கும்? 1889-இல் மிச்சமிருந்த சிலரும் கலைந்து போனார்கள். பிறகு அந்த நிலத்தை வாங்கியவர்கள் ஓரிஸ், மான்டிஸ் வான் ஸ்வெரிங்கன் என்ற அண்ணன் தம்பி. இவர்களும் கடைசிவரை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளிக்கூடத்துக்காகவே ஊர் ஊராகத் தேடிப் பெற்றோர் வந்து குடியேறும் ஓர் ஊரை, பிள்ளைகளே இல்லாத இந்த இரு தரப்பும் சேர்ந்து உருவாக்கியதை நினைத்து நான் பலமுறை சிரித்திருக்கிறேன்.

சகோதரர்கள் போட்ட திட்டம் கறாரானது. வீட்டின் பாணி, நிறம், தெருவிலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்பது வரை விதி. நகரத்தின் மையத்துக்கு ரயில் பாதை போட வழி வேண்டும் என்பதற்காக 1916-இல் ஒரு முழு ரயில்வே நிறுவனத்தையே வாங்கினார்கள். ஈஸ்டர் சமயத்தில் கிளீவ்லாண்ட் தியாகராஜ ஆராதனைக்கு வந்தவர்கள், நகர மையத்தில் ஓங்கி நிற்கும் டெர்மினல் டவரைப் பார்த்திருப்பார்கள். அது இவர்கள் கட்டியது. அதன் அடியிலிருந்து புறப்படும் பச்சை, நீல வழி ரயில்களில் ஏறினால் இன்றும் ஷேக்கரில் போய் இறங்கலாம்.

ஷேக்கர் 1912-இல் தனிக் கிராமமாகப் பதிவானது. பள்ளி மாவட்டமும் அப்போது பிறந்ததுதான். இங்கே கவனிக்க வேண்டியது, பள்ளிக்கூடம் அந்த ஊருக்குப் பின்னால் வந்து சேர்ந்த வசதி அல்ல, மனை விற்கும் திட்டத்திலேயே இருந்த சரக்கு. நம் ஊரில் புது நகர் விளம்பரத்தில் 'கோவில் அருகில், பஸ் வசதி' என்று போடுவார்களே, அந்த மாதிரி. ஊரை ஒன்பது குடியிருப்புப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் பிள்ளைகள் நடந்தே போகும் தூரத்தில் ஒரு தொடக்கப் பள்ளி வைப்பது என்ற ஏற்பாடு மெல்ல உருவானது. புலவார்டு, ஆனவே, ஃபெர்ன்வே, லோமண்ட், லட்லோ, மால்வர்ன், மெர்சர், மோர்லாண்ட், சசெக்ஸ் என்ற அந்தப் பள்ளிப் பெயர்களே பகுதிப் பெயர்களாக நிலைத்தன. இன்றும் ஊர்க்காரர்கள் 'நான் லோமண்ட்', 'நாங்கள் ஃபெர்ன்வே' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள்.

இன்னொரு விதியும் இருந்தது. 1925-இல் ஒரு கறுப்பின மருத்துவர் இங்கே வீடு வாங்கினார். அவர் வீட்டின் மீது தாக்குதல் நடந்தது. அதன் பிறகு மனைப் பத்திரங்களில், வான் ஸ்வெரிங்கன் நிறுவனத்தின் அல்லது அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்களில் பெரும்பான்மையோரின் சம்மதம் இல்லாமல் வீட்டை மறுவிற்பனை செய்யக் கூடாது என்ற நிபந்தனை இறுக்கமானது. அதில் இனம் என்ற சொல்லே கிடையாது. அப்படி எழுதத் தேவையும் இல்லை. கறுப்பினத்தவர், யூதர், கத்தோலிக்கர் ஆகியோரை வடிகட்ட அந்த ஒரு வரி போதுமானதாக இருந்தது. இனத்தைக் காரணம் காட்டும் பத்திர நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல் சொல்லும்வரை நாடு முழுவதும் புறநகர்கள் இப்படித்தான் வளர்ந்தன.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வரும் இடம். ஒன்பது பகுதிகளில் லட்லோ ஒரு விசித்திரம். அதன் ஒரு பாதி ஷேக்கர் ஹைட்ஸ் நகரத்தில், மறு பாதி கிளீவ்லாண்ட் நகரத்தில். ஆனால் இரண்டு பாதியும் ஷேக்கர் பள்ளி மாவட்டத்துக்குள். நகர எல்லையும் பள்ளி எல்லையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று ஓஹையோவில் கட்டாயம் இல்லை. குப்பை அள்ளுவது கிளீவ்லாண்ட், பிள்ளை படிப்பது ஷேக்கர். இந்தக் கோட்டுக் கோணல்தான் அந்த ஊரின் தலையெழுத்தை மாற்றியது.

ஐம்பதுகளில் வசதியான கறுப்பினக் குடும்பங்கள், வழக்கறிஞர்களும் மருத்துவர்களும், லட்லோவில் வீடு வாங்கத் தொடங்கினார்கள். 1956 ஜனவரியில், ஜான் பெக் என்ற கறுப்பின வழக்கறிஞர் அங்கே கட்டிக்கொண்டிருந்த வீட்டின் கார் கொட்டகையில் குண்டு வெடித்தது. வேறு ஊராக இருந்தால் அடுத்து என்ன நடந்திருக்கும் என்பது தெரிந்த கதை. தரகர்கள் வெள்ளையர் வீடுகளுக்கு வந்து, 'இப்போதே விற்றுவிடுங்கள், அடுத்த வருடம் பாதி விலைகூடக் கிடைக்காது' என்று பயமுறுத்துவார்கள். அடிமாட்டு விலைக்கு வாங்கி, வேறு வழியற்ற கறுப்பினக் குடும்பங்களுக்குக் கொள்ளை லாபத்தில் விற்பார்கள். நான்கைந்து ஆண்டில் தெருவே மாறிவிடும்.

லட்லோவில் நடந்தது வேறு. வெள்ளையரும் கறுப்பினத்தவருமாகச் சில பக்கத்து வீட்டுக்காரர்கள் ஒருவர் வீட்டில் ஒருவர் கூடிப் பேசி, 1957-இல் லட்லோ சமுதாயச் சங்கத்தைத் தொடங்கினார்கள். தரகர்கள் வெள்ளையர்களை அந்தப் பக்கம் அழைத்து வர மறுத்தபோது, சங்கத்தாரே வீடு காட்டினார்கள், முன்பணம் போதாதவர்களுக்குக் கடனுக்கும் ஏற்பாடு செய்தார்கள். 'விற்பனைக்கு' என்று வாசலில் பலகை வைப்பதை நகரம் தடை செய்தது. ஒரே தெருவில் பத்துப் பலகை நின்றால் பதினோராவது வீட்டுக்காரருக்கும் வயிற்றைக் கலக்கும் அல்லவா? 1967-இல் இதையே ஊர் அளவில் செய்ய ஒரு வீட்டு வசதி அலுவலகம் தொடங்கினார்கள். அதன் செலவில் பள்ளி வாரியமும் பங்கு போட்டது. பள்ளிப் பணத்தில் எதற்கு வீட்டு வியாபாரம் என்று கேட்கலாம். வீடு மாறினால் பள்ளி மாறிவிடும் என்பதை அந்த வாரியம் நன்றாகவே புரிந்து வைத்திருந்தது.

இதில் ஒரு கசப்பும் கலந்திருந்தது. சமநிலை காக்க வேண்டும் என்றால், கலப்புப் பகுதிகளுக்கு வெள்ளையர்களைத் தேடிப் பிடித்து வர வேண்டும், அதே பகுதிக்கு வர ஆசைப்படும் கறுப்பினக் குடும்பத்தைப் பார்த்து 'வேறு பகுதியில் தேடுங்களேன்' என்று சொல்ல வேண்டும். எத்தனை நல்லெண்ணத்தோடு சொன்னாலும் கேட்பவர் காதில் அது பழைய பாட்டாகத்தான் விழும். விழுந்தது. பலர் வெளிப்படையாகவே குறைப்பட்டார்கள்.

அதே காலத்தில் எல்லைக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். கிளீவ்லாண்ட் மாவட்டம், நெரிசலான கறுப்பினப் பகுதிகளின் பிள்ளைகளை இடம் காலியாக இருந்த வெள்ளையர் பள்ளிகளில் கலக்காமல், கறுப்பினப் பகுதிகளிலேயே புதுக் கட்டடங்கள் எழுப்பியது. 1964 ஏப்ரல் 7 அன்று அப்படி ஒரு கட்டுமான இடத்தில் மறியல். புரூஸ் க்ளண்டர் என்ற 26 வயது வெள்ளைப் பாதிரியார் புல்டோசரின் பின்னால் தரையில் படுத்தார். முன்னால் படுத்திருந்தவர்களைத் தவிர்க்க ஓட்டுநர் வண்டியைப் பின்னால் எடுத்தார். க்ளண்டர் அங்கேயே இறந்தார். ஷேக்கரிலிருந்து சில மைல் தூரத்தில் நடந்தது இது.

ஷேக்கரின் சோதனை 1970-இல் வந்தது. அப்போது ஊரில் கறுப்பினத்தவர் ஏழில் ஒரு பங்குதான். ஆனால் மோர்லாண்ட் பள்ளியில் பத்துக்கு ஒன்பது பிள்ளைகள் அவர்கள். கண்காணிப்பாளர் ஜான் லாசன், மோர்லாண்டின் மேல் வகுப்புப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றி மற்றப் பள்ளிகளுக்கு அனுப்பலாம் என்றார். எந்த நீதிமன்றமும் உத்தரவு போடவில்லை, அவர்களாகவே எடுத்த முடிவு. எதிர்ப்பு வந்தது, ஆனால் எதிர்பார்த்த திசையிலிருந்து மட்டும் வரவில்லை. 'பஸ் ஏறுவது எப்போதும் எங்கள் பிள்ளைகள் மட்டும்தானா?' என்று மோர்லாண்ட் பெற்றோர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. வெள்ளைப் பெற்றோர் சிலர் முன்வந்து, 'எங்கள் பிள்ளைகளை மோர்லாண்டுக்கு அனுப்புகிறோம்' என்றார்கள். கட்டாயத் திட்டம், இரு பக்கமும் விருப்பத்தின் பேரில் போகும் திட்டமாக மாறியது. அந்தச் செப்டம்பரிலேயே இரண்டு திசையிலும் பஸ்கள் ஓடின. பின்னாட்களில் போஸ்டனில் பள்ளிப் பஸ்கள் மீது கல்லெறிந்ததை நினைத்துப் பார்த்தால் இதன் அருமை புரியும்.

ஆனால் எல்லைக்கோடு அசையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டெட்ராய்ட் வழக்கில், 1974-இல், உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. பெருநகரப் பள்ளிகளில் இனப் பிரிவினை நடந்திருந்தாலும், அதில் பங்கு வகிக்காத புறநகர் மாவட்டங்களை அதன் பரிகாரத்தில் இழுக்க முடியாது என்றது. என் கணக்கில், உங்கள் இரண்டு வீடுகளின் விலை வித்தியாசத்துக்கு வேறு எதைவிடவும் அந்தத் தீர்ப்பு பெரிய காரணம். கிளீவ்லாண்ட் மாவட்டம் பிரிவினை செய்தது என்று நீதிபதி ஃபிராங்க் பட்டிஸ்டி 1976-இல் தீர்ப்பளித்து, பஸ் ஏற்பாட்டுக்கும் உத்தரவிட்டார். அந்தப் பஸ்கள் கிளீவ்லாண்டுக்குள்ளேயே சுற்றி வந்தன, கோட்டைத் தாண்டவில்லை. வசதியுள்ளவர்கள் கோட்டைத் தாண்டிக் குடிபோனார்கள். ஷேக்கர் போன்ற நல்லெண்ண மாவட்டமும், எந்த முயற்சியும் எடுக்காத மற்றப் புறநகர்களும் ஒரே வேலியின் பாதுகாப்பில்தான் இருந்தன.

எண்பதுகளில் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைந்தது. விருப்பத் திட்டத்தில் சேருபவர்களும் போதவில்லை. 1987-இல் மாவட்டம் பெரிய கத்தியை எடுத்தது. லட்லோ, மால்வர்ன், மோர்லாண்ட், சசெக்ஸ் என்று நான்கு தொடக்கப் பள்ளிகளை மூடி, மீதி ஐந்தின் எல்லைகளைக் கலந்து வரைந்தது. 5, 6 வகுப்புகளில் ஊரின் எல்லாப் பிள்ளைகளும் உட்பரி என்ற ஒரே பள்ளிக்குப் போகும்படி செய்தது. மோர்லாண்ட் கட்டடம் பிறகு ஊர் நூலகமானது. பகுதியின் உயிரே பள்ளி என்று நம்பிய ஊரில், ஒருமைப்பாட்டுக்காக முதலில் போராடிய லட்லோவே தன் பள்ளியை இழந்தது.

இப்போது எல்லாப் பிள்ளைகளும் ஒரே வாசலில் நுழைந்தார்கள். நுழைந்த பிறகு?

உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு பாடமும் 'லெவல்' என்ற படிகளாகப் பிரிந்திருந்தது. அடியில் பொதுப் படி, அதற்கு மேல் கல்லூரி ஆயத்தம், மேலே ஹானர்ஸ், உச்சியில் ஏ.பி. என்று நம் பெற்றோர் பெருமையாகச் சொல்லும் கல்லூரி நிலைப் பாடங்கள். தாழ்வாரத்தில் பார்த்தால் எல்லா நிறமும் கலந்து நடக்கும். மணி அடித்துக் கதவு மூடியதும், உச்சிப் படி வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் வெள்ளையர், அடிப் படி வகுப்பில் ஏறக்குறைய எல்லாரும் கறுப்பினத்தவர். தொண்ணூறுகளில் மாணவர் பத்திரிகை இரு தரப்புப் பிள்ளைகளின் மதிப்பெண் இடைவெளியை எண்களோடு அச்சிட்டபோது ஊரே கொதித்தது. எல்லாருக்கும் தெரிந்ததுதான், அச்சில் வந்ததுதான் குற்றம்.

மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. இனம் பற்றிப் பேசப் பெரியவர்கள் தயங்கிய இடத்தில், 1983-இலேயே உயர்நிலை மாணவர்கள் ஒரு குழு அமைத்து, தொடக்கப் பள்ளி வகுப்புகளுக்குப் போய்ச் சிறுவர்களோடு அதைப் பேசத் தொடங்கினார்கள். 1990-இல் நன்றாகப் படிக்கும் கறுப்பின மாணவர்கள், தடுமாறும் தம்பிகளுக்கு வழிகாட்ட ஒரு குழு அமைத்தார்கள். சட்டையும் டையும் அணிந்து வருவார்கள், புதிதாக வருபவர் ஒவ்வொருவருடனும் கைகுலுக்குவார்கள். பதினாறு வயதுப் பையன் பதினான்கு வயதுப் பையனை அத்தனை மரியாதையாக வரவேற்பது எந்தப் பாடத்திட்டத்திலும் கிடையாது.

1997-இல் கறுப்பினப் பெற்றோர் சிலர், இதன் காரணத்தைக் கண்டுபிடித்துச் சொல்லும்படி ஜான் ஆக்பு என்பவரை அழைத்தார்கள். நைஜீரியாவில் பிறந்து பெர்க்லியில் பேராசிரியராக இருந்த மானுடவியலாளர். அவர் பார்த்த எண்கள்: நான்குக்கு, வெள்ளை மாணவர்களின் சராசரி 3.45, கறுப்பின மாணவர்களின் சராசரி 1.9. பள்ளியின் குறைகளையும் அவர் எழுதினார், ஆனால் பெற்றோரின் ஈடுபாடு போதவில்லை, 'நன்றாகப் படிப்பது வெள்ளையர் சமாசாரம்' என்ற மனப்பான்மை பிள்ளைகளிடம் இருக்கிறது என்பதில்தான் அழுத்தம் கொடுத்தார். அழைத்தவர்களே திகைத்துப் போனார்கள். 2003-இல் புத்தகம் வந்தது, அந்த ஆண்டே அவர் மறைந்தார், சச்சரவு மட்டும் நின்றது. தாமே விரும்பி வந்த குடியேறிகளின் பிள்ளைகள் நன்றாகப் படிப்பதற்கும், விரும்பாமல் கொண்டுவரப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் தடுமாறுவதற்கும் வேறுபாடு இருக்கிறது என்பது அவருடைய பழைய கோட்பாடு. 'நம் பிள்ளைகள் ஏ.பி. எடுக்கவில்லையா?' என்று மார்தட்டும் நம்மவர்கள் அதை ஒருமுறை படித்துவிட்டுத் தட்டினால் நல்லது. விசா வரிசையிலேயே வடிகட்டப்பட்டு வந்தவர்கள் நாம்.

ஹார்வர்டின் ரொனால்ட் ஃபெர்குசன் அதே ஊர் மாணவர்களிடம் 1999-இல் எடுத்த ஆய்வு வேறு படம் காட்டியது. ஒரே படி வகுப்பில் இருக்கும் பிள்ளைகளை ஒப்பிட்டால், வீட்டுப் பாடத்துக்குச் செலவிடும் நேரத்தில் கறுப்பின, வெள்ளை மாணவர்களிடையே பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் எத்தனை பேர் முடித்துக் கொண்டுவருகிறார்கள் என்பதில். மனமில்லாமல் அல்ல, அடிப்படைத் திறனிலும் வீட்டு வசதியிலும் இருந்த பள்ளத்தால். எனக்கு இதுதான் நம்பத் தகுந்ததாகப் படுகிறது. தெரியாத கணக்கின் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்து வெறும் தாளோடு எழுந்தவர்களுக்கு அது புரியும்.

பிறகு 2020-இல், பெருந்தொற்றின் நடுவே, கண்காணிப்பாளர் டேவிட் கிளாஸ்னரின் காலத்தில், 5 முதல் 9 வரையான வகுப்புகளில் பெரும்பாலான பாடங்களுக்குப் படிப் பிரிவினையை எடுத்துவிட்டார்கள். பலன் என்ன என்பதில் ஊர் இன்னும் இரண்டு கட்சி. கெட்டிக்காரப் பிள்ளைக்குச் சவால் போய்விட்டது என்பவர்கள் உண்டு, ஐம்பது வருடம் தாமதம் என்பவர்களும் உண்டு.

பண விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் வீட்டை வாங்கினால் கட்டப்போவது நீங்கள். ஓஹையோவில் 1976-இல் வந்த ஒரு சட்டம், மக்கள் ஓட்டுப் போட்டு ஒப்புக்கொண்ட பள்ளி வரியை விலைவாசியிலிருந்து பிரித்துவிட்டது. உங்கள் பகுதியில் வீட்டு மதிப்பு கூடினால், வரி விகிதம் தானாக இறங்கிவிடும். மாவட்டத்துக்குக் கிடைக்கும் தொகை ஏறக்குறைய அதே டாலர்தான். ஆசிரியர் சம்பளமோ ஏறிக்கொண்டே போகும். ஆகவே சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாவட்டம் 'கூடுதல் வரி தாருங்கள்' என்று வாக்குச் சீட்டோடு மக்களிடம் வந்து நிற்கும். கணக்கு 'மில்' என்ற அலகில், அதாவது வரிக்குரிய மதிப்பில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர். 1 லட்சம் டாலர் சந்தை மதிப்புள்ள வீட்டுக்கு 1 மில் புது வரி என்றால் ஆண்டுக்கு 35 டாலர், ஏனென்றால் மதிப்பில் 35 சதவீதத்துக்குத்தான் வரி. தொழிற்சாலையோ பெரிய கடைத்தொகுதியோ அதிகம் இல்லாத ஷேக்கரில் முழுப் பாரமும் வீடுகள் மீது. மாநிலத்திலேயே மிக அதிகமான விகிதங்களில் ஒன்று. சொத்து வரியை அளவுக்கு மீறி நம்பும் இந்தப் பள்ளி நிதி முறை மாநில அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று ஓஹையோ உச்ச நீதிமன்றம் 1997-இல் சொன்னது. 2000-இலும் 2002-இலும் மறுபடி சொன்னது. அதன் அடிப்படை அமைப்பு இன்னும் பிழைத்திருக்கிறது.

ஆகவே வீடு பார்க்கும்போது இரண்டு காரியம் செய்யுங்கள். இணையத்தில் பத்துக்கு இத்தனை என்று காட்டும் பள்ளி மதிப்பீட்டை மட்டும் நம்பாதீர்கள். அது பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தைத்தான் அளக்கிறது. ஷேக்கரில் பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேர் கறுப்பினத்தவர், ஏழைகளும் உண்டு, ஆகவே அந்த எண் பளபளக்காது. உங்கள் பிள்ளை உட்காரப்போகும் வகுப்பை நேரில் போய்ப் பாருங்கள், அனுமதி கேட்டால் தருவார்கள். இரண்டாவது, தபால் முகவரியில் 'கிளீவ்லாண்ட்' என்று இருப்பதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள், 'ஷேக்கர்' என்று இருப்பதைப் பார்த்து முன்பணமும் கொடுத்துவிடாதீர்கள். கவுண்டி நிர்வாகத்தின் சொத்துப் பதிவில் வீட்டு எண்ணைப் போட்டால் வரி எந்தப் பள்ளி மாவட்டத்துக்குப் போகிறது என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் படியுங்கள். லட்லோவில் தெருவின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று நகரம் மாறும். பள்ளி மாறாது.